கான் சாகிபின் குதிரையும் ஒண்டிவீரனின் கையும்

ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து லைன் வீடுகளின் கடைசிச் சுவரில் பையன்கள் ஒரு போஸ்டர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஆகஸ்டு 20, மாவீரன் ஒண்டிவீரன் நினைவு நாள். முறுக்கிய மீசை, ஓங்கிய வாள், முன்னங்கால் தூக்கிய வெள்ளைக் குதிரை. பசை வாளியைப் பிடித்துக்கொண்டு நானும் நின்றேன். வேலை முடிந்து வந்த ஒரு பெரியவர், எழுபது வயதுக்கு மேலிருக்கும், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு படத்தையே பார்த்தார்.

"ஏங்கண்ணு, குதிர மேல இருக்கறது யாரு? தொரையா?"

"இல்லீங்க தாத்தா. நம்மாளு. ஒண்டிவீரன். வெள்ளக்காரன எதுத்துச் சண்ட போட்ட தளபதி."

"நம்மாளுக்கு ஏது கண்ணு குதிர? சேணம் தெச்சுக் குடுத்திருப்பான், வாரு அறுத்துக் குடுத்திருப்பான். சரி, அது கெடக்கட்டும். யாருக்காவ சண்ட போட்டாரு?"

"புலித்தேவனுக்காகங்க."

"அவரு யாரு?"

"பாளையக்காரருங்க தாத்தா. நெற்கட்டும்செவல்."

"எதுக்க நின்னு சண்ட போட்டது? வெள்ளக்காரனா?"

இங்கேதான் எனக்கு நாக்கு புரளவில்லை. எம்.ஏ. தமிழ் படித்தவன். தும்பைத் திணைக்கும் வாகைத் திணைக்கும் துறை துறையாக இலக்கணம் சொல்வேன். பெரியவர் கேட்ட கேள்விக்கு உண்மையான பதில் வேறு. எதிரே நின்ற தளபதி வெள்ளைக்காரன் இல்லை. அவனும் இந்த மண்ணில் பிறந்தவன்தான். அவனுக்குப் பின்னால் துப்பாக்கி தூக்கி நின்ற ஆயிரக்கணக்கான சிப்பாய்களும் இந்த மண்ணில் பிறந்தவர்கள். அவர்களில் நம் சாதிக்காரர்களும் உண்டு. போஸ்டரில் இதற்கெல்லாம் இடம் கிடையாது. பத்திரிகையில் இருக்கிறது, எழுதுகிறேன்.

அந்தத் தளபதியின் பெயர் முகம்மது யூசுப் கான். சனங்கள் வைத்த பெயர் கான் சாகிபு. இன்றைக்கு எல்லாரும் சொல்லும் பெயர் மருதநாயகம்.

பள்ளிக்கூடப் புத்தகத்தில் கர்நாடகப் போர்கள் என்று ஒரு பாடம் வரும். ஆங்கிலேயனும் பிரெஞ்சுக்காரனும் அடித்துக்கொண்டார்கள், கிளைவ் ஜெயித்தான், டூப்ளே தோற்றான் என்று முடித்துவிடுவார்கள். ஏதோ இரண்டு வெள்ளைக்காரர்கள் ஆளில்லாத பொட்டல்வெளியில் சண்டை போட்ட மாதிரி. நடந்தது உள்நாட்டுப் போர். 1749இல் ஆம்பூரில் நவாப் அன்வருதீன் கொல்லப்பட்டார். சேர்வராயன் மலைக்கு வடக்கே, ஜவ்வாது மலைக்கு அந்தப்பக்கம் இருக்கிற அதே ஆம்பூர்தான். அதன்பிறகு ஆற்காட்டு நாற்காலிக்கு இரண்டு பேர் போட்டி. சந்தா சாகிபுக்குப் பின்னால் பிரெஞ்சுக் கம்பெனி. அன்வருதீனின் மகன் முகம்மது அலிக்குப் பின்னால் ஆங்கிலக் கம்பெனி. தஞ்சாவூர் மராட்டிய அரசர், புதுக்கோட்டைத் தொண்டைமான், மைசூர்த் தளவாய் நஞ்சராஜன், மராட்டியக் குதிரைப்படைத் தலைவன் முராரி ராவ் என்று ஆளுக்கொரு பக்கம், சிலர் அடிக்கொரு பக்கம். பகோடா பாயிண்ட் பாறையில் நின்று பார்த்தால் கீழே விரிகிற சேலத்துச் சமவெளி அப்போது மைசூர் ஆட்சியின் கீழ் இருந்தது. கம்பெனி கைக்கு அது வந்தது 1792இல்தான். யார் நவாப் ஆனாலும் வயலில் இறங்குகிறவனுக்குக் கூலி மாறப்போவதில்லை, வரி வாங்குகிறவன்தான் மாறுவான் என்பது அன்றைக்கு உழுதவர்களுக்குத் தெரிந்தேதான் இருக்கும்.

இந்தச் சண்டைக்குள்தான் யூசுப் கான் வருகிறான். இராமநாதபுரம் சீமையில் பனையூரில் வெள்ளாளக் குடும்பத்தில் பிறந்து, வீட்டைவிட்டு ஓடி, இஸ்லாத்தைத் தழுவியவன் என்பது வழிவழியாக வரும் செய்தி. 1914இல் அவனைப் பற்றித் தனி நூல் எழுதிய எஸ்.சி. ஹில் என்ற ஆங்கிலேயரும் இந்தச் செய்தியைத்தான் எடுத்தாள்கிறார். இன்றைக்கு ஒரு தரப்பு அவன் பெயருக்குப் பின்னால் 'பிள்ளை' என்று சேர்த்து எழுதுகிறது. இன்னொரு தரப்பு கான் என்றே சொல்ல வேண்டும் என்கிறது. ஒருவன் சாதியை உதறி வேறு மதத்துக்குப் போய் வாளெடுத்து ஒரு சீமையையே ஆண்டு தூக்கிலும் தொங்கி இரண்டரை நூற்றாண்டு ஆகிவிட்டது. அவன் உதறிப்போட்ட வாலைத் தேடி எடுத்து மறுபடி ஒட்டவைக்காமல் நம் ஆட்களுக்குத் தூக்கம் வருவதில்லை.

முதலில் அவன் சந்தா சாகிபு தரப்பில் இருந்தவன். ஆற்காட்டு முற்றுகைக்குப் பிறகு கிளைவிடம் வந்து சேர்ந்தான். 1752இல் சந்தா சாகிபு சரணடைந்து தஞ்சைத் தளபதியின் ஆட்களால் தலை வெட்டப்பட்டதோடு சண்டை ஓயவில்லை. திருச்சிராப்பள்ளியைச் சுற்றி 1754 வரை இழுத்தது. அந்த இரண்டு வருஷமும் பட்டாளத்துக்குச் சோறு வந்து சேர்ந்ததே பெரிய சண்டை. அரிசி மூட்டையும் மாட்டுவண்டியும் எதிரியின் கண்ணில் படாமல் எந்த வழியில் வரும், எந்த ராத்திரியில் வரும் என்று திட்டம்போட்டுக் கொண்டுவந்து சேர்த்தவன் யூசுப் கான். தளபதி ஸ்டிரிங்கர் லாரன்ஸ் அவனைப் பிறவிப் போர்வீரன் என்று மெச்சி எழுதினார். மெச்சும்போதே, அவன் நிறத்து ஆட்களில் இவனைப்போல் பார்த்ததில்லை என்று ஒரு அளவுகோலையும் பக்கத்தில் வைத்தார். நமக்குப் பழகிய அளவுகோல்தான். 'உங்க ஆளுங்கள்ல நீ நல்லாப் படிக்கிறியே' என்று வாத்தியார்கள் சொல்லிக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு லாரன்ஸ் என்ன சொன்னார் என்று விளக்க வேண்டியதில்லை.

1754இல் கான் சாகிபைக் கம்பெனியின் சிப்பாய்கள் அத்தனை பேருக்கும் தலைவனாக்கினார்கள். அதே ஆண்டில் அவன் துரோகி என்று காட்டுவதற்கு ஒரு பொய்க் கடிதமும் தயாரானது. தயாரித்தவர் கம்பெனியின் துபாஷி பொன்னியப்பா. அதாவது மொழிபெயர்ப்பாளர். சூழ்ச்சி வெளியானதும் பொன்னியப்பாவைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். துரைக்குத் தமிழ் தெரியாது, சிப்பாய்க்கு இங்கிலீஷ் தெரியாது. நடுவில் நின்று எழுதுகிறவன் நினைத்தால் ஒருத்தனை வீரனாக்கலாம், துரோகியாக்கலாம். கான் சாகிபு அந்த முறை தப்பித்தான்.

1756இல் மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் அனுப்பப்பட்டான். அதற்கு முந்தின வருஷம் கர்னல் ஹெரான் தலைமையில் போன படை கோயில்குடியில் சாமி சிலைகளைக் கொள்ளையடித்து, நத்தம் கணவாயில் கள்ளர்களிடம் அடிவாங்கித் திரும்பியிருந்தது. நெற்கட்டும்செவலில் புலித்தேவனின் கோட்டையையும் ஹெரானால் அசைக்க முடியவில்லை. வரி வசூலாகவில்லை என்பதுதான் கம்பெனிக்கும் நவாபுக்கும் இருந்த பிரச்சினை. நாட்டுப்பற்று, அந்நிய ஆதிக்கம் என்ற சொற்கள் எல்லாம் பிறகு நாம் ஏற்றிச் சொன்னவை. நவாபுக்குக் கப்பம் கட்ட மாட்டேன் என்றார் பாளையக்காரர். தன் பாளையத்தில் தானே வரி வாங்கிக்கொள்வேன் என்பதுதான் அதன் பொருள். இதைச் சொன்னால் தோழர்கள் சிலர் கோபித்துக்கொள்வார்கள். கோபித்துக்கொள்ளட்டும். வெள்ளையனை எதிர்த்தவர் என்ற மரியாதை புலித்தேவனுக்கு உண்டு, அதை நான் குறைக்கவில்லை. ஆனால் அவருடைய பாளையத்தில் சேரி எந்தத் திசையில் இருந்தது என்று கேட்கிற உரிமை எனக்கு உண்டு.

கான் சாகிபு பாளையக்காரர்களை ஒவ்வொருவராக அடித்தான். நடுவே, 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னையை முற்றுகையிட்டபோது அவனை வடக்கே கூப்பிட்டுக்கொண்டார்கள். செங்கல்பட்டுப் பக்கமிருந்து பிரெஞ்சுப் படையின் முதுகில் அடித்துக்கொண்டே இருந்தான். முற்றுகை 1759 பிப்ரவரியில் கலைந்தது. மதுரைக்குத் திரும்பும்போது அவன் வெறும் தளபதி இல்லை. மதுரை, திருநெல்வேலிச் சீமைகளை ஆண்டுக்குப் பல லட்சம் ரூபாய்க்குக் குத்தகை எடுத்த ஆட்சியாளன். 1760 கடைசியில் வாசுதேவநல்லூர்க் கோட்டையைத் தாக்கித் தோற்றுத் திரும்பினான். 1761இல் மறுபடி வந்தான். வாசுதேவநல்லூர் விழுந்தது. நெற்கட்டும்செவலும் விழுந்தது.

இனி எதிர்ப்பக்கத்தைப் பார்ப்போம். பெரியவர் கேட்ட கேள்வி அங்கேதான் இருக்கிறது.

புலித்தேவன் படையில் இரண்டு தளபதிகளின் பெயரை நம் சனங்கள் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். ஒருவர் வெண்ணிக் காலாடி, பள்ளர். இன்னொருவர் ஒண்டிவீரன், அருந்ததியர். கம்பெனிக்காரர்களின் ஏடுகளில் இவர்களைத் தேடிப் பயனில்லை. கும்பிடு கொடுக்கிற இடத்தில்தான் இவர்கள் இருக்கிறார்கள். வயிற்றில் வெட்டு விழுந்து குடல் சரிந்தபோது காலாடி தலைத்துண்டை அவிழ்த்து வயிற்றில் இறுக்கிக் கட்டிக்கொண்டு எதிரி ஓடுகிறவரை நின்றார் என்பது ஒரு கதை. ஒண்டிவீரன் கதை இன்னும் விரிவானது. தென்மலையில் கம்பெனிப் பட்டாளம் கூடாரம் அடித்திருக்கிறது. ஒண்டியாக உள்ளே போகிறார். தோல் வேலைக்காரனாகப் போகிறார். செருப்பு தைக்கிறார், சேணம் தைக்கிறார், குதிரைக்கு வார் பிடிக்கிறார். ராத்திரியில் குதிரைக்குப் போட்ட புல்லுக்குள் பதுங்கிக் கிடக்கும்போது, ஆள் இருப்பது தெரியாமல் ஒரு சிப்பாய் குதிரை கட்டுகிற முளையை அவர் கையோடு சேர்த்து மண்ணில் அடித்துவிடுகிறான். சத்தம் போடவில்லை. இன்னொரு கையால் வாளெடுத்துத் தன் கையைத் தானே வெட்டிக்கொண்டு எழுந்தார். பீரங்கிகளை முகாமின் பக்கமே திருப்பிவைத்துவிட்டு, பட்டத்துக் குதிரையோடும் வாளோடும் வெளியேறினார்.

கதைதானே என்பார்கள். கதைதான். ஆனால் இந்தக் கதையைச் சாதி தெரியாதவன் கட்டியிருக்க முடியாது. பதினெட்டாம் நூற்றாண்டுப் பட்டாளம் ஒன்று நகர்ந்தால் துப்பாக்கி பிடித்தவனைவிடப் பின்னால் போகிற ஆட்கள் அதிகம். புல்லறுக்கிறவன், பல்லக்குத் தூக்குகிறவன், மாடு ஓட்டுகிறவன், தண்ணீர் சுமக்கிறவன், தோல் தைக்கிறவன், பறை அடிக்கிறவன், பிணம் புதைக்கிறவன். இவர்கள் இல்லாமல் எந்தப் படையும் ஒரு காதம் நகராது. இவர்கள் முகத்தை எந்த அதிகாரியும் ஏறிட்டுப் பார்க்க மாட்டான். மறவர் ஒருவர் வேவு பார்க்கப் போயிருந்தால் நடையிலேயே பிடித்திருப்பார்கள். செருப்புத் தைக்கிறவன் எந்தக் கூடாரத்துக்கும் போகலாம், ஏனென்றால் அவன் வந்ததாகவே யாருக்கும் தோன்றாது. தீண்டாமை கொடுத்த மறைவை ஒருவர் ஆயுதமாக்கினார் என்று நம் பாட்டன் பாட்டிகள் சொல்லிவைத்திருக்கிறார்கள். முளை இறங்கியதும் அந்தத் தைக்கிற கையில்தான்.

எங்கள் பக்கத்திலும் இதே அச்சில் ஒரு கதை உண்டு. தீரன் சின்னமலையைக் கம்பெனி 1805இல் தூக்கிலிட்ட சங்ககிரிக் கோட்டை இந்தச் சேலம் மாவட்டத்தில்தான் இருக்கிறது. அவருக்கு ஒற்றராகவும் தளபதியாகவும் இருந்த பொல்லான் ஒரு அருந்ததியர். செருப்பின் அடித்தோலுக்குள் சேதி வைத்துத் தைத்து அனுப்பினார் என்றும், பிடிபட்டு நல்லமங்காபாளையத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார் என்றும் சொல்வார்கள். மறுபடியும் செருப்பு. கவுண்டர் தூக்குமேடைக்குப் போனார், வருஷா வருஷம் ஆடிப் பதினெட்டில் கூட்டம் கூடுகிறது. செருப்பு தைத்தவரின் பெயர் அரசாங்கத்தின் காதுக்குப் போய்ச் சேர இருநூறு வருஷம் ஆனது.

இந்த மலையில் பழையகாலம் தொட்டு வாழ்கிற மலையாளிகள் எனப்படும் மலைச்சனங்களும், காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் கிளம்பி வந்து ஆளுக்கொரு மலை ஏறினார்கள் என்று தங்கள் வரலாற்றைச் சொல்கிறார்கள். அதைத் தர்ஸ்டன் துரை எழுதிக்கொண்டபோது இனவியல் ஆனது. 1820களில் கலெக்டர் காக்பர்ன் இங்கே காப்பிச் செடி கொண்டுவந்தார் என்பதற்குக் காகிதம் இருக்கிறது, அது வரலாறு. குழி தோண்டி அந்தச் செடியை நட்டவன் யார் என்பதற்கு மட்டும் நாம் ஆதாரம் காட்ட வேண்டும்.

கான் சாகிபிடம் திரும்புவோம். மதுரையில் அவன் ஆட்சியைக் குறைசொன்னவர்கள் குறைவு. குளங்களைச் சீர்செய்தான். மீனாட்சி கோயிலுக்கு நின்றுபோன வருமானத்தைத் திரும்பக் கொடுத்தான். முஸ்லிம் ஆட்சியாளன் இந்துக் கோயிலுக்குச் செய்தான் என்று மதநல்லிணக்கக் கட்டுரைகளில் இதை எடுத்துப்போடுவார்கள். போடலாம், இன்றைய நிலையில் போட வேண்டியதும்தான். ஒன்றைமட்டும் பக்கத்தில் எழுதிவையுங்கள். அவன் காசு கொடுத்த அந்தக் கோயிலுக்குள் நாம் காலெடுத்து வைத்தது 1939 ஜூலை 8ஆம் தேதி. அவன் செத்து 175 ஆண்டுகள் கழித்து.

வசூலித்த பணமும் சேர்த்த படையும் அவனுக்கு ஒரு நினைப்பைக் கொடுத்தன. இந்தச் சீமையைப் பிடித்தது நான், காப்பது நான், நடுவில் நவாப் எதற்கு? முகம்மது அலிக்கு அவன் மேல் ஆரம்பத்திலிருந்தே அச்சம். கம்பெனிக்கு நவாப் தேவை, ஏனென்றால் நவாப் பெயரில்தான் கடனும் வட்டியும் ஓடுகிறது. சென்னைக்கு வா என்றார்கள். போகவில்லை. 1763இல் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினான். யாரை எதிர்த்துப் பத்து வருஷம் சண்டை போட்டானோ அவர்களுடைய கொடி! அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே பாரிசில் இங்கிலாந்தும் பிரான்சும் சமாதானம் செய்து கையெழுத்துப் போட்டுவிட்டன. கொடி இருந்தது, கொடிக்குப் பின்னால் நாடு வரவில்லை.

முதல் முற்றுகை அந்த வருஷக் கடைசியில் தோற்றுப்போனது. 1764இல் மேஜர் சார்லஸ் கேம்பல் தலைமையில் மறுபடி சூழ்ந்தார்கள். நேரடித் தாக்குதலில் கோட்டையைப் பிடிக்க முடியவில்லை. மேஜர் பிரஸ்டன் அடிபட்டுச் செத்தான். வழிகளை அடைத்துப் பட்டினி போட்டார்கள். அக்டோபரில், கான் சாகிபு தொழுகையில் இருந்த நேரம் பார்த்து, திவான் சீனிவாச ராவும் வைத்தியர் பாபா சாகிபும் பிரெஞ்சுக்காரன் மர்ச்சாந்தும் சேர்ந்து அவனைப் பிடித்துக் கட்டினார்கள். அவனுடைய தலைப்பாகைத் துணியாலேயே கட்டினார்கள் என்பார்கள். ஒரு பிராமணர், ஒரு முஸ்லிம், ஒரு ஐரோப்பியக் கிறிஸ்தவர். துரோகத்தில் மட்டும் நம் நாட்டில் சமய ஒற்றுமை ஒருநாளும் குலைந்ததில்லை. அந்த அக்டோபரிலேயே மதுரைக்கு வெளியே தூக்கில் போட்டார்கள். கயிறு அறுந்து அறுந்து மூன்றாம் முறைதான் உயிர் போனது என்றும், மறுபடி எழுந்துவிடுவானோ என்று பயந்து உடலைத் துண்டாக்கித் தலையைத் திருச்சிக்கும் கைகால்களை வேறு வேறு ஊர்களுக்கும் அனுப்பினார்கள் என்றும் சனங்கள் சொல்கிறார்கள். சம்மட்டிபுரத்தில் சமாதி இருக்கிறது. 1808இல் கட்டியது. வெள்ளிக்கிழமை போனால் எல்லாச் சாதிப் பெண்களும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்பதைப் பார்க்கலாம்.

தூக்கில் போட்ட கம்பெனியின் ஆட்களே பிறகு அவனைப் புகழ்ந்தார்கள். சர் ஜான் மால்கம், ஆங்கிலேயரிடம் வேலை பார்த்த இந்தியப் போர்வீரர்களில் தலைசிறந்தவன் என்று எழுதினார். கூத்தாகவும் கதைப்பாடலாகவும் அவன் வாழ்ந்தான். 'கான் சாகிபு சண்டை'யை நா. வானமாமலை பதிப்பித்து மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. 1997 அக்டோபரில் கமல்ஹாசன் 'மருதநாயகம்' படத்தைத் தொடங்கினார், தொடக்க விழாவுக்கு வந்தவர் இங்கிலாந்து ராணி எலிசபெத். தூக்குக் கயிறு போட்டவர்களின் வாரிசு குத்துவிளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தார். படம் நின்றுபோனது. மதுரைச் சீமையை ஆண்ட கான் சாகிபுக்கு இன்று பலர் மனதில் இருப்பது கமல்ஹாசனின் முகம்.

சரி, அவனோடு இருந்த சிப்பாய்கள்? ராபர்ட் ஓர்ம் அந்தப் போர்களைப் பற்றிப் பெரிய பெரிய தொகுதிகளாக எழுதினார். அதில் சிப்பாய்கள் எண்ணிக்கையாக வருகிறார்கள். இத்தனை பேர் போனார்கள், இத்தனை பேர் விழுந்தார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் கம்பெனியின் சென்னைப் படையில் பறையர்கள் கணிசமாக இருந்தார்கள் என்பது படை வரலாறு படித்த எவருக்கும் தெரியும். நிலம் இல்லை, பண்ணையில் அடிமை, ஓடினால் பிடித்துக்கொண்டுபோய்க் கட்டிவைப்பான். அந்த நிலையில் மாதச் சம்பளமும் கையில் துப்பாக்கியும் சிவப்புச் சட்டையும் தருகிறேன் என்று ஒருவன் சொன்னால், நீ அந்நியன் உன்னோடு வரமாட்டேன் என்று ஏன் சொல்ல வேண்டும்? ஊருக்கு அந்நியனாகத்தானே அவனை வைத்திருந்தார்கள்? இந்தியாவை வெள்ளையன் பிடித்தது தீண்டத்தகாதவர்கள் நிறைந்த படையைக் கொண்டுதான் என்று அம்பேத்கர் எழுதினார். 1927 ஜனவரி 1ஆம் தேதி கோரேகான் போர்த்தூணுக்கு முன்னால் போய் நின்றார். 1818இல் பேஷ்வா படையை எதிர்த்து விழுந்த மகர் வீரர்களின் பெயர்கள் அந்தக் கல்லில் இருக்கின்றன, 'நாக்' என்று முடியும் பெயர்கள். வாசுதேவநல்லூரிலோ மதுரையிலோ நமக்கு அப்படி ஒரு கல் இல்லை. பிடிக்க வேண்டியதையெல்லாம் பிடித்து முடித்த பிறகு வெள்ளையன் என்ன செய்தான்? 1880களில் சென்னையில் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தமிழனுக்குச் சண்டைக் குணம் போய்விட்டது என்று முடிவுகட்டினார். போர்க்குணச் சாதி, போர்க்குணமில்லாத சாதி என்று மனுவுக்கே பாடம் சொல்லிக்கொடுக்கிற மாதிரி பிரித்தார்கள். மகர்களைச் சேர்ப்பதை நிறுத்தினார்கள். பறையர்களைப் பாலம் கட்டவும் பாதை வெட்டவும் மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

ஆகவே வாசுதேவநல்லூர்க் கோட்டைச் சுவருக்கு உள்ளே காலாடியும் ஒண்டிவீரனும் அவர்களுடைய ஆட்களும். வெளியே சிவப்புச் சட்டையில் வேறு சேரிகளின் பிள்ளைகள். உள்ளே இருந்தவன் பாளையக்காரருக்காகச் செத்தான். வெளியே இருந்தவன் நவாபின் வரிப்பாக்கிக்காகச் செத்தான். இதில் ஒருவனை மட்டும் மாவீரன் என்றும் மற்றவனைக் கைக்கூலி என்றும் பிரிப்பது எனக்கு உவப்பாக இல்லை.

அப்படியானால் இந்தப் போஸ்டர் எதற்கு, வீரவணக்கம் எதற்கு என்று கேட்கலாம். என் நண்பர்களே கேட்கிறார்கள். யாரோ ஒரு பாளையக்காரனின் விசுவாசமான வேலைக்காரனாக இருந்ததைக் கொண்டாடுவதா என்கிறார்கள். அவர்களுக்கு நான் 1997ஐ நினைவூட்டுவேன். பாஞ்சாலங்குறிச்சிப் போரில் கட்டபொம்மனின் தளபதியாக இருந்து 1799இல் கம்பெனியின் வெடிமருந்துக் கிடங்கோடு தன்னையும் அழித்துக்கொண்டவர் என்று போற்றப்படும் கவர்னகிரி சுந்தரலிங்கம், பள்ளர். கட்டபொம்மன் பெயரில் மாவட்டமும் போக்குவரத்துக் கழகமும் இருந்தன. 1959இல் வந்த படத்தில் வெள்ளையத்தேவனுக்குப் பாட்டும் மாடுபிடியும் கிடைத்தன. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய போக்குவரத்துக் கழகத்துக்கு அரசு வீரன் சுந்தரலிங்கம் என்று பெயர் வைத்தது. அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏறமாட்டோம் என்றார்கள். பஸ்ஸில் அவன் பக்கத்தில் உட்காரச் சொல்லவில்லை, அவன் வீட்டில் சம்பந்தம் கேட்கவில்லை. இருநூறு வருஷத்துக்கு முன்னால் செத்துப்போன ஒருவரின் பெயர் தகரத்தில் எழுதியிருந்தது, அவ்வளவுதான். தென்மாவட்டங்கள் பற்றி எரிந்தன. உயிர்கள் போயின. கடைசியில் அரசு என்ன செய்தது? எல்லாத் தலைவர்களின் பெயரையும் மாவட்டங்களிலிருந்தும் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் அழித்துவிட்டது. சுந்தரலிங்கத்தின் பெயர் இருக்கக் கூடாது என்பதற்காகக் கட்டபொம்மன் பெயரும் போனது. ஒரு தலித் தளபதியின் பெயருக்கு அத்தனை கனம் இருந்தது. அந்தக் கனத்தை அன்றைக்குப் பார்த்தவன் வீரவணக்கம் எதற்கு என்று கேட்கமாட்டான்.

அதற்குப் பிறகு அரசுகள் வேறு வழி கண்டுபிடித்தன. ஆளுக்கொரு மண்டபம். 2016இல் பாளையங்கோட்டையில் ஒண்டிவீரன் மணிமண்டபம் திறந்தார்கள். 2022 ஆகஸ்டு 20இல் ஒன்றிய அரசு தபால்தலை வெளியிட்டது. நல்லதுதான். 2009இல் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீடு சட்டமானது. 2024 ஆகஸ்டு 1இல் உள் ஒதுக்கீடு செல்லும் என்று உச்சநீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. இந்த இடைவெளியில்தான் சேலத்துப் பக்கமும் கொங்குப் பக்கமும் ஒண்டிவீரன் படம் சுவரேறியது. அதுவரை அது திருநெல்வேலிக் கதை. வீட்டுக்குள் தெலுங்கு பேசுகிற எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் நெற்கட்டும்செவல் எங்கே இருக்கிறது என்று தேடிப் பார்த்தது இந்தப் படத்தால்தான். ஆனால் ஒன்றைக் கவனிக்கிறேன். ஒண்டிவீரன் விழாவில் காலாடி பெயர் வருவதில்லை. காலாடி விழாவில் ஒண்டிவீரன் பெயர் வருவதில்லை. ஒரே கோட்டைக்குள் நின்ற இரண்டு பேர். புலித்தேவன் படையில் பிரியாதவர்களை நாம் பிரித்திருக்கிறோம்.

பெரியவரிடம் இத்தனையும் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். பாதிகூடச் சொல்லவில்லை. அந்தப் பக்கமும் நம்ம ஆளுங்க இருந்தாங்க தாத்தா என்று மட்டும் சொன்னேன். அவர் கொஞ்சநேரம் பேசவில்லை. பிறகு, "எங்க தாத்தனோட அண்ணன் ஒருத்தர் பட்டாளத்துக்குன்னு போனாராம். வெள்ளக்காரன் சண்டைக்கி. கப்பல்ல ஏத்திக் கூட்டிட்டுப் போயிட்டாங்களாம். வரவேயில்ல. பேருகூட எனக்குத் தெரியாது. பட்டாளத்தாருன்னுதான் சொல்லுவாங்க" என்றார். பசை காயுமுன் போஸ்டரின் ஓரம் சுருண்டுகொண்டது. அவரே கையால் தடவி ஒட்டிவிட்டார்.

அடுத்த வருஷத்துக்குப் புதிதாக ஒரு பிளெக்ஸ் அடிக்கலாம், ஒண்டிவீரன், காலாடி, பொல்லான், சுந்தரலிங்கம் நாலு பேரையும் சேர்த்துப் போடலாம் என்று பையன்களிடம் பேசினேன். இரண்டு பேர் சரி என்றார்கள், ஒருவன் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டான். பேச்சு இன்னும் முடியவில்லை. சேலத்தில் பிளெக்ஸ் அடிக்கிற தம்பியிடம், குதிரை வேண்டாம், தோல் தைக்கிற ஊசியும் வாரும் கையில் இருக்கிற மாதிரி போட முடியுமா என்று கேட்டுப்பார்த்தேன். "குதிரையோடதாண்ணே எங்ககிட்ட ரெடியா இருக்கு. ஊசியெல்லாம் போடணும்னா நீங்க யாராச்சும் வரைஞ்சு கொண்டாங்க" என்றான்.